முதுகு கொடுத்தவர்

அப்பா எந்தத் துணியையும் இரண்டு முறை உதறாமல் தொட மாட்டார். துண்டு, போர்வை, கடையிலிருந்து மடிப்புக் கலையாமல் வந்த புதுச் சட்டை, எதுவானாலும் சரி. முனையைப் பிடித்து ஒரு உதறு, திருப்பிப் பிடித்து இன்னொரு உதறு, பிறகு உள்ளங்கையால் ஒரு தடவல். நான் பட்டம் வாங்கிய அன்று வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியை நான் போட்டுக்கொள்ளும் முன் கையிலிருந்து பிடுங்கி, கல்லூரி வாசலில் அத்தனை பேர் நடுவில் படார் படார் என்று உதறினார். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

ஊசிதான் காரணம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்புறம் இருந்த லாண்டரியில் அப்பா முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளுக்குள் ஊசி வரும், கத்தரிக்கோல் வரும், உடைந்த மருந்துக் குப்பி வரும். ஒருமுறை யாரோ ஒருவருடைய பல்செட் சிரித்துக்கொண்டே வந்ததாம். உதறாமல் கை வைத்தவனுக்குக் கை கிழிந்துதான் புத்தி வரும். அங்கே அப்பாவுக்குப் பட்டப்பெயரே 'உதறல்'. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பா திருத்த மாட்டார். பயந்தவன் என்று பேர் எடுத்தால் மேலே இருக்கிறவன் இரண்டு வேலை கம்மியாகச் சொல்லுவான் என்பது அவர் கணக்கு.

அவருடைய கூட்டாளிக்குப் பெயர் 'நீராவி'. விரிப்புகளை நீராவி உருளையில் கொடுத்துத் தேய்க்கும் வேலையில் பல வருஷம் நின்றவர். எதற்கெடுத்தாலும் புஸ்ஸென்று சீறுவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நான் மாமா என்று கூப்பிடுவேன்.

நான் பள்ளி முடித்த வருஷம் அம்மா இறந்துபோனாள். பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையல் இடுக்கு, மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டிய குளியலறை. முகம் தெரியாத நோயாளிகளின் ரத்தமும் மலமும் படிந்த துணிகளைப் பற்றிச் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற மனிதர், தன் உடம்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். என் உள்ளாடைகள் கொடியில் காய்ந்தால் அவை எடுக்கப்படும் வரை அந்தப் பக்கமே வர மாட்டார். நானும் அப்படியே வளர்ந்தேன்.

லாண்டரியில் துவைக்கும் கூடம் மேலே, உலர்த்தும் கூடம் கீழே. நடுவில் இருபதடி நீளத்துக்கு ஒரு சிமெண்ட் சரிவு. பிழிந்த துணி ஏற்றிய இரும்பு டிராலி இருநூறு கிலோ இருக்கும். அதன் பிரேக் கட்டை எந்தக் காலத்திலோ தேய்ந்து போய்விட்டது. அதனால் ஒருவர் பின்னாலிருந்து கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி வருவார். இன்னொருவர் முன்னால் நின்று டிராலிக்கு முதுகைக் காட்டி, அதன் மேல் சாய்ந்து, குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்குவார். அவர் முதுகுதான் பிரேக். இதற்கு அங்கே 'முதுகு கொடுக்கிறது' என்று பெயர்.

இதில் முறை உண்டு. இன்றைக்கு ஒருவர் முதுகு கொடுத்தால் நாளைக்கு மற்றவர். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் முறையையும் சேர்த்து மற்றவர் கொடுப்பார். பிறகு அது முதுகாகவே திரும்பி வர வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தோ சம்பளத்தில் பிய்த்துக் கொடுத்தோ அதைத் தீர்க்க முடியாது. யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை.

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்று அப்பாவின் முறை. சரிவில் சோப்புத் தண்ணீர் வழிந்து கிடந்தது. பின்னால் வந்த நீராவி மாமாவின் கால் வழுக்கி, கைப்பிடி கையை விட்டு நழுவியது. டிராலியின் விளிம்பு அப்பாவின் இடுப்பில் மோதி, அவரைத் தள்ளிக்கொண்டே போய்க் கீழே சுவரோடு சுவராக நிறுத்தியது. அப்பா கீழே விழவில்லை. டிராலியை நகர்த்தியதும் திரும்பி, துணி ஏதும் தரையில் விழவில்லையே என்றுதான் முதலில் கேட்டாராம். விழுந்தால் மறுபடி துவைக்க வேண்டுமே.

இருபது அடி தள்ளி ஆஸ்பத்திரி. ஆனால் லாண்டரி ஆட்கள் அதற்குள் துணி எடுக்கத்தான் போவார்கள், வைத்தியத்துக்குப் போக மாட்டார்கள். அவர்களுக்கு எல்லா வலிக்கும் வைத்தியம் ஒன்றுதான். உலர்த்தும் மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு விரிப்பை நாலாக மடித்து, வலிக்கிற இடத்தில் இறுக்கிக் கட்டுவார்கள். கழுத்துப் பிடிப்பு, தோள் வலி எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. அன்றும் அதைத்தான் செய்தார்கள். சூப்பர்வைசர் இரண்டு வலி மாத்திரையும் அரை நாள் லீவும் கொடுத்தார். நீராவி மாமா வண்டி பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

எனக்குப் பட்டம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலை வரவில்லை. வீட்டிலேயே இருந்ததால் ஃபோனில் தேடிப் படிக்க நேரம் இருந்தது. இடுப்பில் அடிபட்டால் முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றி ஒற்ற வேண்டும், சூடு வைக்கக் கூடாது, வீக்கம் கூடும் என்று போட்டிருந்தது. சொன்னேன்.

"ஐஸ் வெச்சா விறைச்சுக்கும். நான் என்ன மீனா?" என்றார் அப்பா.

இன்னும் இரண்டு முறை சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் விட்டுவிட்டேன். சொல்லிவிட்டோம் என்பதோடு என் வேலை முடிந்ததாக எனக்கு அப்போது ஒரு நினைப்பு.

அதே பக்கத்தில் கீழே ஐந்து கேள்விகள் இருந்தன. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலைத் தூக்க முடிகிறதா? தூக்கிக் காட்டினார். கால் விரல் மரத்திருக்கிறதா? இல்லை. வலி தொடைக்கு இறங்குகிறதா? கொஞ்சம். காய்ச்சல் இருக்கிறதா? இல்லை. ஐந்தாவது தடித்த எழுத்தில் இருந்தது. சிறுநீர், மலம் போவதில் சிரமம் இருக்கிறதா, தொடைகளுக்கு நடுவிலும் உட்காரும் இடத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லாவிட்டால் அந்த உணர்ச்சியும் கட்டுப்பாடும் திரும்ப வராமலே போகலாம்.

நான் அதைக் கண்ணால் படித்தேன். கேட்க வாய் வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்ப்பா."

புதன்கிழமை முழுவதும் அவருக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்தேன். வீட்டில் உலர்த்தும் மெஷின் ஏது? துண்டை ஈரமாக்கி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, ஆவி பறக்க மடித்துக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொல்லி, தானே உள்ளே திணித்துக்கொள்வார். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டு, சூடு பத்தவில்லை என்பார். மறுபடி தேய்ப்பேன். மூன்றாவது முறை என் விரல் பொறுக்காமல் துண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். "இது என்ன, வெதுவெதுன்னுகூட இல்ல" என்றார். முப்பது வருஷம் வெந்நீரிலும் ஆவியிலும் கிடந்த தோல், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மதியத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே இருப்பார். வலியில் மெதுவாக நடக்கிறார், அதனால்தான் இவ்வளவு நேரம் என்று எனக்கு நானே ஒரு காரணம் தயார் பண்ணி வைத்துக்கொண்டேன். குழாய் ஏன் திறந்திருக்கிறது என்பதற்குக் காரணம் தேடவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நீராவி மாமா வந்தார். வந்ததும் வராததுமாக, "என்னடா உதறல், லீவு போட நல்ல வழி கண்டுபிடிச்சிட்டே" என்று ஆரம்பித்தார். லாண்டரியிலிருந்து சூடு ஆறாமல் ஒரு விரிப்பைப் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். நான் டீ போடச் சமையல் இடுக்குக்குப் போனேன். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் குரல் மாறியது.

"டேய், என்னடா இது இத்தனை கொப்புளம்?"

"எங்க?"

"எங்கயா? உட்கார்ற இடம் பூரா வெந்து கிடக்கு. இப்ப தொடறேனே, தெரியல?"

மாமாதான் மறுபடி கேட்டார்.

"ஒண்ணுக்குப் போனியாடா?"

"பாப்பா இருக்கா."

"இருந்துட்டுப் போகட்டும். போனியா?"

"நேத்திலேர்ந்து வரல. தானா சொட்டுது. எப்ப சொட்டுதுன்னு தெரியல."

நான் அடுப்பை அணைத்தேன். பிறகு மாமா, சீறாமல், மெதுவாகச் சொன்னார்: "முதுகு போனவங்க வார்டுலேர்ந்து துணி எப்படி வரும்னு உனக்குத் தெரியாதாடா? எத்தனை வருஷம் அள்ளியிருக்க?"

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை மதியமே தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தெரிந்திருந்தது, தடித்த எழுத்தில். ஒரே அறையில் இரண்டு பேரும் அதைத் தெரிந்துகொண்டு, ஒருவருக்கொருவர் மரியாதை காத்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டதும் ஒன்றரை லிட்டர் சிறுநீர் வந்தது. படம் எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை, இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி, கீழே போகும் நரம்புக் கொத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. அன்றே ஆபரேஷன் செய்தார்கள். எனக்கு நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார் அந்த டாக்டரம்மா. நரம்பு விடுபட்டுவிட்டது, ஆனால் எவ்வளவு திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, முதல் நாளே வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார். வீட்டில் யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"யூரின் போகுதான்னு கேக்கலையா?"

"இல்ல."

அவர் திட்டவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார்.

கால்களில் பலம் திரும்பி வந்தது. இரண்டு மாதத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தார். மற்றது வரவில்லை. சிறுநீருக்குக் குழாயும் பையும். மலத்துக்குத் தினம் காலையில் ஒருவர் கூட இருந்து உதவ வேண்டும். கொப்புளங்கள் புண்ணாகி ஆற நாலு மாதம் ஆனது. உணர்ச்சி இல்லாத இடம் என்பதால் தினமும் ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை எங்கே வைப்பது, முதுகு திருகாமல் உருட்டுவது எப்படி என்று எனக்கும் நீராவி மாமாவுக்கும் செய்து காட்டினார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் அறையை விட்டுப் போகும் வரை திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் கையுறை போட்டுக்கொண்டு போய் நின்றேன். "நீ போய் வேலை தேடற வேலையப் பாரு" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு மாமா வந்து கதவைத் தட்டினார். ஏழு மணிக்கு அவருக்கு ஷிஃப்ட். அதற்கு முன் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து மழை, வெயில், தனக்கே காய்ச்சல் என்று எதற்கும் நிற்கவில்லை.

நான் டீ டம்ளரோடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே சண்டை நடக்கும்.

"எழுந்திருங்க மகாராஜா, பல்லக்கு வந்தாச்சு."

"துண்டை உதறினியா?"

"ஆமா, உன் வீட்டுத் துண்டுல எந்த டாக்டர் ஊசியை விட்டுட்டுப் போனான்?"

"நீ உதறு மொதல்ல."

உதறும் சத்தம் கேட்கும். பிறகு வாளிச் சத்தம். சில நாள் இருவரும் பேசாமல் இருப்பார்கள். அந்த நாட்களில்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

லாண்டரியில் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டார்கள். எனக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மாமா எதற்காக இத்தனை தூரம் செய்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. கை நழுவ விட்ட குற்ற உணர்ச்சியா? அப்படியானால் அது தீர்ந்ததும் நின்றுவிடுமா? இப்படியெல்லாம் யோசிக்கப் படிப்பு எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. அதற்கான பதில் ஒரு நாள் படியில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது. அன்று மாமாதான் ஆரம்பித்தார்.

"கைப்பிடியை நான்தானடா விட்டேன்."

"அன்னிக்கு யார் முறை?"

"உன் முறைதான்."

"என் முறையில நடந்தது என்னோடது. அதுக்காக வர்றதா இருந்தா நாளையிலேர்ந்து வராத."

"பின்ன எதுக்கு வர்றேன்னு நெனச்ச?"

"கடனா வா. எழுந்து வந்து ஒண்ணு விடாம அடைக்கிறேன். உனக்கும் ஒரு நாள் இடுப்பு போகும்ல?"

"வாய வெச்சுட்டான் பாரு" என்றார் மாமா. இருவரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு அப்பா ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார். ஜன்னலோடு நிற்காமல் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனார். ஒவ்வொரு நாளும் மாமா கிளம்பும்போது அப்பா, "இன்னொண்ணு ஏறிடுச்சு" என்பார். யாரிடமும் வாங்கியதைத் திருப்பாமல் இருந்து பழக்கமில்லாதவர். நடக்க வேண்டும் என்ற வெறி அவருக்கு அங்கேயிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது, நான் சொன்னேன்: "அப்பா, அன்னிக்கு அஞ்சாவதா ஒரு கேள்வி இருந்துச்சு."

"தெரியும். நாலு படிச்சதும் உன் கண்ணு அங்கயே நின்னுச்சு."

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருப்பேன்." பிறகு தலையணையைச் சரி பண்ணச் சொன்னார்.

அது உண்மையா, எனக்காகச் சொன்ன பொய்யா என்று இன்றுவரை தெரியவில்லை. எந்தப் பக்கம் நம்பினாலும் இன்னொரு பக்கம் வந்து நிற்கிறது.

குழாய் போட்டவர்களுக்குக் கிருமி தொற்றுவது அடிக்கடி நடக்கும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். மூன்று முறை வந்து மருந்தில் அடங்கியது. நாலாவது முறை சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. முதல் நாள் குளிர் நடுக்கம், இரண்டாம் நாள் ஆள் அடையாளம் தெரியவில்லை, ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. அடிபட்டுப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து நாளும் மாமா ஆஸ்பத்திரிக்கும் ஐந்தரைக்கே வந்தார். வார்டு ஆள் செய்வதாகச் சொன்னபோதும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பார்ப்பது குறைந்தது. பார்த்தால் தெருவில் நின்று, வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று இரண்டு வார்த்தை கேட்பார், கிளம்பிவிடுவார். அப்பா இடத்துக்கு வந்த ஆள் முறைக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் தினமும் மாமாதான் முதுகு கொடுக்கிறார் என்று லாண்டரி வாட்ச்மேன் சொன்னார். ஏழு மாதம் கழித்து, மாமாவுக்குக் குடல் இறங்கி ஆபரேஷன் ஆகி, அறையில் படுத்திருக்கிறார் என்ற செய்தியையும் அவர்தான் சொன்னார். அப்போதே பதினோரு நாள் ஆகியிருந்தது.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே மாமாவின் அறை. கட்டில், ஒரு ஸ்டூல், அதன் மேல் மாத்திரை, காய்ந்துபோன ரொட்டி. ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே நுழைந்ததும் வாடை தெரிந்தது. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டார். "லாண்டரிக்காரன் அறை எப்படி மணக்குது பார்த்தியா?" என்றார்.

ஜன்னலைத் திறந்தேன். ரொட்டியை எடுத்துப் போட்டுவிட்டு, கொண்டுபோன சாப்பாட்டை வைத்தேன். பிறகு நேராகவே கேட்டேன்.

"மாமா, வெந்நீர் வெச்சு உடம்பு துடைச்சு விடறேன். எனக்குக் கூச்சமில்ல."

"எனக்கு இருக்கு."

"அப்ப ஒரு ஆள் ஏற்பாடு பண்றேன். நல்ல ஆள், ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கறவர்."

"காசு வாங்கறவன் கையில உடம்பைக் குடுக்க மாட்டேன் பாப்பா. விடு."

"பின்ன யாருதான் செய்யறது?"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் படுத்தார். சீறுவார் என்று நினைத்தேன். சீறவில்லை.

"உங்கப்பன் எனக்கு நானூத்துச் சொச்சம் காலைப் பொழுது தரணும்" என்றார். "அவன் வந்திருந்தா மூணாம் நாளே குளிச்சிருப்பேன்."

அதில் ஒன்றையாவது நான் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீ வாங்கலையே" என்றார் மாமா.